கட்டைக்கு நாலு பூச்சு

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாமனார் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட வேண்டுமென்றாலும் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொல்ல வேண்டியதை அவர் மகளிடம் சொல்வார். மகள் அதை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளும்மா."

"இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேக்கறார்."

"போதும்னு சொல்லு."

"போதுமாம்ப்பா."

ஒரே மேஜை, ஒரே பாத்திரம், நடுவில் சம்பளமில்லாத ஒரு தூதர்.

மகள் தானே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டவன் என்பதை மாமனார் மன்னித்திருப்பார். பெயின்ட் கடையில் டப்பா கலக்குகிறவன் என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. மூத்த மாப்பிள்ளை பல் டாக்டர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வாங்க மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரைந்திருக்கும். அதே வாசலில் பின்னாலேயே இவன் செருப்பைக் கழற்றினால், "வந்தாச்சா?" என்று கேட்பார். அதையும் காலண்டரைப் பார்த்துத்தான் கேட்பார்.

இவனுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. சொத்து வேண்டாம், அவனும் பெண்டாட்டியும் குடியிருக்கும் மாடிக்கு வாடகையைக் குறைக்க வேண்டாம். ஒரு தடவை, வாய் தவறியாவது, 'மாப்பிள்ளை' என்று தன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பெண்டாட்டியிடம்கூட அவன் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிரிக்காமல் இருந்தாள், நல்ல மனசு.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் ஜெனரல் என்பார்கள். படையில் இருந்தவர்தான். ஆனால் இருந்த இடம் ஆயுதக் கிடங்கு. காலமெல்லாம் துப்பாக்கிகளை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, ஒன்றைக்கூடச் சுடாமல் ஓய்வு பெற்றார். அந்தக் குறை தீர, ஓய்வு பெற்ற கையோடு துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கினார். குழலைத் தாங்கும் கட்டை வால்நட் மரத்தில் கடைந்தது. பார்க்க அழகான பொருள், அதில் இரண்டாம் பேச்சில்லை. அந்த வீட்டில் அதற்கு இணையான இன்னொரு அழகு அவருடைய மீசை. இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கி, வாசனை மெழுகு தடவி, காற்றடித்தாலும் அசையாமல் நிற்கும். இடது கைக்காரரான அவர் கட்டையில் இடது கன்னத்தை வைத்துக் குறி பார்க்கும்போது துப்பாக்கிக்கே மீசை முளைத்தது போல இருக்கும்.

போன வருஷப் போட்டியில் அவர் சுட்ட குண்டுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல இடது பக்கம் ஒதுங்கின. முதலில் காற்றைத் திட்டினார். பிறகு இலக்கு அட்டை கோணலாகத் தொங்குகிறது என்றார். பக்கத்து மேஜைக்காரர் இருமியதையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் கிளப்பில் யாரோ, "கட்டை ஈரம் குடிச்சு உப்பியிருக்கும் சார், அது குழலைத் தள்ளும்" என்று சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண், கை, வயசு எல்லாவற்றின் பழியையும் மரத்தின் தலையில் இறக்கிவைத்ததில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

இந்த வருஷம் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசிப் பக்கம் போகக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டளைகள். மழையோ விட்டபாடில்லை. துப்பாக்கி இருந்த இரும்பு பீரோ குளியலறைச் சுவரை ஒட்டி நின்றது. சுவரில் பச்சையாகப் பாசி பூத்திருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு சாப்பிட உட்கார்ந்த ஜெனரல், மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:

"கட்டை ஈரம் குடிக்குது. போட்டிக்கு முன்னாடி யாராவது ஏதாவது செஞ்சா நல்லது."

அந்த வீட்டில் காரியம் நடக்கும் விதமே இதுதான். ஜெனரல் யாரையும் எதுவும் கேட்க மாட்டார், மின்விசிறியிடம் சொல்வார். யாராவது செய்துமுடிப்பார்கள். செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. 'நான்தான் செய்தேன்' என்று சொல்வதைவிடக் கேவலம் அந்த வீட்டில் வேறில்லை. ஒரு நாள் ஜெனரல் தானாகப் பார்ப்பார், "ம்" என்பார். அந்த 'ம்' யாருக்கு என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும்.

மின்விசிறியிடம் சொன்னது தனக்குத்தான் என்று அவனுக்குப் பட்டது. மேஜையில் மாமியார் இருந்தார், பெண்டாட்டி இருந்தாள், பல் டாக்டரும் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆனால் மரம், எண்ணெய், ஈரம் என்றால் அது யார் தொழில்? வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயின்ட் கடை அவனுக்குக் கைகொடுக்கப் போகிறது. இதை விட்டால் வேறு வழி கிடையாது.

குண்டை உள்ளே தள்ளும் போல்டையும் குண்டுகளையும் ஜெனரல் தனியாகப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். பீரோச் சாவி மட்டும் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கியது. மாலையில் ஜெனரல் ரேடியோவில் செய்தி கேட்கும் நேரம் பார்த்து அவன் மாடியிலிருந்து இறங்குவான். பழைய பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். கடையிலிருந்து கொண்டுவந்த காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து முதல் பூச்சு விட்டான், மரம் உள்ளிழுத்துக்கொள்ளட்டும் என்று. அதன்மேல் எண்ணெயை மட்டும், விரல் நுனியில் எடுத்து, உள்ளங்கை சுடச்சுடத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். மெல்லிசாகப் பூசுவது, காயவிடுவது, மறுபடி பூசுவது. வேலை அவ்வளவுதான்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் மாடிக் கொடியில் விரித்துக் காயப்போட்டான். ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்த ஜெனரல், இந்த வீட்டில் கந்தலுக்கெல்லாம் கொடி கேட்கிறது என்று மின்விசிறியிடம் சொன்னாராம்.

மூன்றாம் பூச்சுக்குப் போனபோது இரண்டாம் பூச்சு காயவில்லை. தொட்டால் விரல் ஒட்டியது. கடையில் இவன் தினமும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் வேதம் ஒன்று உண்டு: காயாததற்கு மேல் பூசாதீர்கள். டப்பாவிலும் அச்சிட்டிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளருக்கெல்லாம் ஜெனரல் மாமனாரா? அவர்களுக்கென்ன, காத்திருப்பார்கள். மழைக்காலம், பிசுபிசுப்பு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மூன்றாம் பூச்சைப் பூசினான்.

அதிசயம் என்னவென்றால் கட்டை மினுங்க ஆரம்பித்தது. அவன் பூசியதற்கு மீறிய மினுக்கம். வியாழக்கிழமைகளில் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆளிவிதை எண்ணெய் இவ்வளவு பளபளப்புக் கொடுக்காது என்று பத்து வருஷ அனுபவம் காதோரம் முணுமுணுத்தது. அவன் அதன் வாயை அடைத்தான். கைராசி என்று ஒன்று இருக்கிறதல்லவா? போதாக்குறைக்குக் கட்டையிலிருந்து மெல்லிய பூவாசனை வேறு.

"நல்ல மரம். எண்ணெயைக் கண்டதும் வாசம் விடுது பாரு," என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "அப்பா வாசம்ல அடிக்குது."

"அவர் தோள்ல கிடந்த மரம், அவர் வாசம் அடிக்காம உன் வாசமா அடிக்கும்?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவனோ தன் கைவேலையின் அருமையைக் கண்டு தானே நெகிழ்ந்துபோய் நாலாவது பூச்சுக்கு டப்பாவைத் திறந்தான்.

போட்டிக்கு முந்தின நாள் ஜெனரல் பீரோவைத் திறந்து கட்டையைப் பார்த்தார். தள்ளிநின்று பார்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தும் பார்த்தார். "ம்," என்றார். சமையலறை வாசலில் நின்ற இவன் மனசுக்குள் நெஞ்சை நிமிர்த்தினான். கூடத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரும் அதே நேரத்தில் லேசாக நிமிர்ந்ததை அவன் கவனிக்கவில்லை.

போட்டியன்று பார்த்து வெயில் கொளுத்தியது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு மணல்மூட்டை, மூட்டைக்கு ஒரு கிழவர். பின்னால் தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் குடும்பங்கள். ஜெனரல் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மீசையை ஒருமுறை முறுக்கிவிட்டு, கட்டையில் கன்னத்தைப் பதித்தார். மற்றவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் தலையைத் தூக்கிக் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டார்கள். இவர் தலையைத் தூக்கவே இல்லை. என்ன ஒரு கவனம் என்று பின்னால் ஒரு குரல் வியந்தது.

கடைசிக் குண்டும் முடிந்தது. மைதான அதிகாரி விசில் ஊதி, எல்லோரும் போல்டைத் திறந்து, துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் வரும்படி சொன்னார். வரிசை முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு நாற்காலி நகரவில்லை.

அதிகாரி போய்ப் பக்கத்தில் நின்றார். "சார், துப்பாக்கியைக் கீழ வைங்க."

"வெச்சுட்டேன்," என்றது துப்பாக்கியோடு ஒட்டியிருந்த வாய்.

"அப்ப நீங்க எந்திரிங்க."

"அதுதான் முடியல."

விதிப்படி, துப்பாக்கியைச் சோதிக்காமல் யாரும் வரிசையை விட்டுப் போகக் கூடாது. அதிகாரி குனிந்து சோதித்தார். போல்ட் திறந்திருந்தது, குண்டு அறை காலி. துப்பாக்கியிடம் தப்பில்லை. ஜெனரலின் இடது மீசை மட்டும் வேரிலிருந்து நுனிவரை கட்டைக்குள் பதிந்து, பிசின் பட்ட பூச்சி மாதிரி கிடந்தது. கன்னமும் பாதி ஒட்டியிருந்தது.

அதிகாரி கையசைத்துக் குடும்பத்தைக் கூப்பிட்டார். முதலில் பாய்ந்தவர் பல் டாக்டர். நோயாளிகளிடம் பேசும் குரலில், "ஒண்ணுமில்ல மாமா, வலிக்காது," என்று சொல்லித் தலையைப் பிடித்து இழுத்தார். அவருடைய கிளினிக்கில் ஏன் கூட்டமில்லை என்பது அந்தக் கணத்தில் எல்லோருக்கும் விளங்கியது. இதற்குள் அதிகாரி அலுவலகத்திலிருந்து கத்திரிக்கோலோடு வந்துவிட்டார். அடுத்த சுற்றுக்காரர்கள் காத்திருக்கிறார்கள், மீசை திரும்ப முளைக்கும், மேஜை திரும்பக் கிடைக்காது என்பது அவர் வாதம். பல் டாக்டர் கையை நீட்டிக் கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

அவனுடைய வண்டிப் பெட்டியில் டர்பென்டைன் இருந்தது. எடுக்க இரண்டடி போனவன் நின்றான். புரை எடுத்த கண்ணுக்குக் கீழே டர்பென்டைனா? டர்பென்டைன் இல்லையென்றால் தனக்கு என்ன தெரியும்? ஏழு வருஷம் காத்திருந்து, ஒரு வேலை கிடைத்து, அதிலும் மாமனாரைக் கொண்டுபோய் மரத்தில் ஒட்டிவைத்தாயிற்று. இனி காலண்டர்கூட அவனிடம் பேசாது.

கத்திரிக்கோல் கிட்டே வந்தது.

"மாப்பிள்ளை," என்றார் ஜெனரல்.

"சொல்லுங்க மாமா," என்றார் பல் டாக்டர்.

"நீங்க இல்ல. நீங்க கத்திரிக்கோலைக் கீழ வைங்க." ஒட்டாத பக்கத்துக் கண் மெல்ல உருண்டு, கூட்டத்தைத் தாண்டி இவனைத் தேடிப் பிடித்தது. "பெயின்ட் மாப்பிள்ளை. நீங்க வாங்க."

நடுவில் தூதர் இல்லை, காலண்டர் இல்லை. முன்னால் ஒரு பெயின்ட் ஒட்டியிருந்தது வாஸ்தவம்தான். இருந்தாலென்ன, வார்த்தை வந்துவிட்டது. அவனுக்குக் காது அடைத்துப்போனதில் அதற்குப் பிறகு ஜெனரல் சொன்ன, "சீக்கிரம் வந்து தொலைங்க," என்பது விழவில்லை.

போய் மண்டியிட்டு, சமையல் எண்ணெய் இருந்தால் இளக்கிப் பார்க்கலாம் என்றான். அதிகாரி, இது துப்பாக்கிக் கிளப், அடுப்படி இல்லை என்று ஆரம்பிப்பதற்குள் மாமியார் கைப்பையைத் திறந்து ஒரு குட்டி பாட்டிலை நீட்டினார். நல்ல சமையல் எண்ணெய்.

"இது எதுக்கு அத்தை கொண்டுவந்தீங்க?"

"கட்டைக்குத்தான். தினம் காலையில பூ மாதிரி ஒரு துளி தடவுவேன். இன்னிக்கு அவசரத்துல விட்டுப்போச்சு, அதான் இங்க வந்து தடவலாம்னு." மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டார். "அவர்தானே யாராவது செய்யணும்னார்."

அவன் கை நின்றது. சமையல் எண்ணெய் எந்த யுகத்திலும் காயாது. இரண்டு பூச்சுக்கு நடுவே அது புகுந்தால் மேலே பூசுவதும் காயாது.

"எண்ணெயா?" பல் டாக்டரின் முகம் வெளுத்தது. "அப்ப நான் போட்ட வார்னிஷ் எல்லாம் அதுக்கு மேலயா?" கிளினிக் மூடியிருக்கும் புதன்கிழமைகளில், ஜெனரல் மத்தியானம் தூங்கும்போது, பிரஷ்ஷால் அவர் வார்னிஷ் பூசியிருக்கிறார். பல்லுக்குப் பூச்சுப் போடுகிறவருக்கு மரம் எம்மாத்திரம் என்ற தைரியம். வியாழக்கிழமைக் கைராசி அவனுக்கு இப்போது விளங்கியது.

"நீங்களுமா சகலை?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, தன்னுடைய ஆளிவிதை எண்ணெயையும் ஒப்புக்கொண்டான்.

பேசிக்கொண்டே விரல் நுனியில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு மீசையை ஒவ்வொரு மயிராக விடுவித்தான். ஏழு வருஷம் முகம் கொடுக்காத முகம் ஒரு சாண் தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மயிர் பிரியப் பிரியக் கட்டையிலிருந்து அந்தப் பூவாசனை எழும்பியது. அவன் மோந்தான். மீசையை மோந்தான். மறுபடி கட்டையை மோந்தான்.

"மாமா, நீங்க ஏதாவது தடவினீங்களா?"

"ஒரு மாசமா கண்ணு தெரியல," என்றார் ஜெனரல், மேஜையைப் பார்த்து. "யார் என்ன செய்யறாங்கன்னு ஒண்ணும் தெரியல. ஒருத்தரும் செய்யலையோன்னு சந்தேகம். இருக்கட்டும்னு கொஞ்சம் மீசை மெழுகு."

கடைசி மயிரும் வந்தது. ஜெனரல் நிமிர்ந்தார். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே, மீசை பத்து இருபதில் நின்றுபோன கடிகாரம் போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெண்டாட்டி மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள்.

இலக்கு அட்டை வந்தது. குண்டுகள் எல்லாம் ஒரு காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக விழுந்திருந்தன. இடது பக்கம். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. பழியை ஏற்றுக்கொண்ட மரம்தான் உண்மையிலேயே குற்றவாளி.

மறுநாள் வீட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து அவன் திருகுகளைக் கழற்றினான். பூசிய மற்ற மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். குழலைத் தூக்கியதும் அது படுத்திருந்த பள்ளம் தெரிந்தது. வெறும் மரம், பூச்சே கண்டதில்லை. ஈரத்தில் கறுத்து, ஓர் ஓரம் உப்பி, குழலில் உரசிய தடம் பளிச்சென்று இருந்தது. தோளில் பதியும் பின்பக்கத்து ரப்பரைக் கழற்றினால் அங்கேயும் அதே கதை, மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுவாய் நூல் நூலாகத் திறந்துகிடந்தது. மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். நாலு பேர் ஒரு மாதம் தடவியும் உள்ளே ஒரு துளி போகவில்லை. தடவியதெல்லாம் வெளியே, ஜெனரல் பீரோவைத் திறந்தால் கண்ணில் படும் இடத்தில். ஜெனரலும் அங்கேதான் தடவியிருந்தார்.

பெயின்ட் கடைக்காரனுக்கே அது தோன்றவில்லையே என்று பல் டாக்டர் கேட்கவில்லை. சொத்தைப் பல்லுக்கு மேலே பூச்சுப் போட்டால் உள்ளே என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாதா என்று இவனும் கேட்கவில்லை. சகலைகளுக்குள் அப்படியொரு நாகரிகம் அன்றுதான் பிறந்தது.

நாலு பூச்சையும் சுரண்டி, பள்ளத்தை உலரவிட்டு, உரசிய ஓரத்தைச் சீவி, உள்ளும் வெட்டுவாயும் குடிக்கும் மட்டும் எண்ணெய் கொடுத்தான். பிறகு கட்டையைக் கூடத்து ஜன்னலருகே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். காயும்வரை யாரும் தொடக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சொன்னான், அவள் அப்பாவிடம் சொல்வாள் என்று. அந்த வழக்கம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா? ஜெனரலும் சாப்பாட்டு மேஜையில் பழையபடி, "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளும்மா," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெயின்ட் மாப்பிள்ளை என்ற பட்டம் மைதானத்தோடு காலாவதியாகிவிட்டது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மாடியிலிருந்து இறங்கும்போது ஜெனரல் ஜன்னலருகே நின்றிருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டிக் காய்ந்துவிட்டதா என்று கட்டையின் கன்னத்தைத் தொட்டார்.

"மாமா, விரலை எடுங்க."

சொன்னது தன் வாய்தான் என்பது அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஏழு வருஷத்தில் அவனும்தான் தானாகப் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வரட்டும், அவர் முதலில் பேசட்டும் என்று அவனும் ஒரு காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஜெனரல் விரலை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "உன் புருஷன் இப்பல்லாம் ரொம்பப் பேசறார்மா," என்றார்.

"அவர் பக்கத்துலதானேப்பா நிக்கறார், அவர்கிட்டயே சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. தூதர் ராஜினாமா செய்துவிட்டார்.

ஜெனரல் மின்விசிறியைப் பார்த்தார். மின்சாரம் இல்லை, அது நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் இவனைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாளாகும், மாப்பிள்ளை?"

"நீங்க தொடாம இருந்தா பத்து நாள், மாமா."

கட்டையின் கன்னத்தில் ஒரு விரல் ரேகை பதிந்துவிட்டது. காய்ந்த பிறகு அதைத் தேய்த்து எடுக்க உப்புத்தாளும் கையுமாக வந்தவன், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் தேய்த்தான்.